மேரிகோல்டம்மாள் வம்சம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். குதிரைமூலம் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் அடைக்க மறந்த அந்தச் சந்துக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிற ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. வம்சாவளிப் புலி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இந்தப் புலியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஊருக்குப் புது டாக்டர் வந்தால் கைராசிக்காரரா என்று நாம் கேட்போம், புலி, "யார் பிள்ளை?" என்று கேட்கும். மாம்பழம் கொடுத்தால் மரம் எங்கே என்று கேட்கும். மரத்தைக் காட்டினால் கொட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்கும். கொட்டை வந்த ஊரையும் சொல்லிவிட்டால், அந்த ஊரில் முதலில் நட்டவன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கும். பழத்தை மட்டும் தின்னாது.

இந்த இனத்தில் மைசூர் கண்ட மிக உயர்ந்த மாதிரி திருநாராயணையங்கார். பூர்வீகம் மேல்கோட்டை. சுதந்திரத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரின் பந்தயக் குதிரை லாயத்தில் குமாஸ்தாவாக இருந்தார். கொள்ளு வந்ததா, லாடம் அடித்தாயிற்றா, எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று எழுதிவைப்பது அவர் வேலை. சுதந்திரம் வந்தது, பெரிய மனிதர் லாயத்தை விற்றுவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார், குதிரைகள் பம்பாய்க்கும் மதராஸுக்கும் போயின, திருநாராயணையங்கார் ஒரு மில் ஆபீசுக்குப் போனார். வம்சாவளி மட்டும் அவர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை யாரும் ஏலம் கேட்கவில்லை.

குதிரை ஏறியிருக்கிறாரா? நாராயணா! ஒரு தடவை ஒரு குதிரை அவருடைய பஞ்சகச்சத்தின் மேல் தும்மிவிட்டது. தலைமுழுகிவிட்டு வந்துதான் மேற்கொண்டு எழுதினார். பந்தயம் கட்டியிருக்கிறாரா? காலணா கட்டியதில்லை. குதிரை ஓடுவதையாவது பார்த்திருக்கிறாரா? ஓடுகிற குதிரையில் பார்க்க என்ன இருக்கிறது என்பார். அது ஓடுவதற்கு எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிவாகிவிட்டது என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்த முடிவைச் செய்தவள் மேரிகோல்ட் என்கிற பெட்டைக் குதிரை. அந்தக் காலத்தில் சீமையில் கப்பலேறி, பம்பாயில் இறங்கி, ரயிலேறி மைசூர் வந்தவள். திருநாராயணையங்கார் அவளை வெறும் மேரிகோல்ட் என்று சொல்லமாட்டார். வயசுக்கு மரியாதை வேண்டாமா? மேரிகோல்டம்மாள். அவள் வயிற்றில் ஈவ்னிங் பெல், ஈவ்னிங் பெல் வயிற்றில் சில்வர் பெல், சில்வர் பெல் வயிற்றில் ரோஸ் ஆஃப் கூர்க், அவளுடைய தங்கை மிஸ் காவேரி, காவேரியின் பெண்கள், பெண்களின் பெண்கள். பெரியவர்களைச் சேவிக்கும்போது இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு கோத்திரமும் ரிஷிகளும் சொல்வார்களே, அந்த ராகத்தில் இதைச் சொல்வார். சில்வர் பெல் வரும்போது குரல் தழுதழுக்கும். அவளுக்குப் பிரசவத்தில் கஷ்டம்.

பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் மல்லப்பன் என்று ஒருவர் காபிக் கடை வைத்திருந்தார். பந்தய நாளில் கல்லாவில் விழுவதை அன்றைக்கே குதிரை மேல் கட்டிவிடுகிற புண்ணியவான். அவர் ஒரு நாள் திருநாராயணையங்காரைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்வாமி, மூணாவது ரேஸ்ல எது கெல்லுத்தே, எது ஜெயிக்கும்? ஒண்ணே ஒண்ணு, பேரு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன், உக்காரும். மேரிகோல்டம்மாள் பம்பாய்ல எறங்கறச்சே அவளுக்கு ஜலதோஷம்..."

மேரிகோல்டம்மாளின் ஜலதோஷம் தெளிந்து, அவள் மைசூர் வந்து, ஈவ்னிங் பெல் பிறந்து நாலு காலில் நிற்பதற்குள் மைதானத்தில் 'ஹோ'வென்று இரைச்சல் எழுந்து அடங்கிவிட்டது. மூன்றாவது ரேஸ் முடிந்துவிட்டது. கட்டாத பணம் கல்லாவிலேயே கிடக்க, மல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனைவி தேவம்மா விவரமானவள். அன்று முதல், பந்தய நாளில் ஐயங்கார் சாமிக்கு எத்தனை காபி வேண்டுமானாலும் இலவசம் என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

பந்தய உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே தகப்பனுக்கு நூறு குட்டி பிறந்திருந்தாலும் அவை ஒன்றுக்கொன்று அண்ணனுமில்லை, தங்கையுமில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தால்தான் உடன்பிறப்பு. குடும்பம் என்றால் தாய், தாயின் தாய், அவளுடைய தாய், அவ்வளவுதான். தகப்பன் வந்தான், போனான். இந்த நல்ல சட்டத்தை ஏதோ தவறுதலாகக் குதிரைகளுக்கு மட்டும் போட்டுவிட்டார்கள் என்று திருநாராயணையங்கார் மனதார நம்பினார். குடியரசு வந்த புதிது. இனிமேல் எல்லாரும் சமம் என்று பேப்பரில் போட்டிருந்தான். "சரி, மேரிகோல்டம்மாளுக்குமா?" என்று ஆபீசில் கேட்டார்.

இத்தனையும் அவர் தினமும் வீட்டிலும் சொன்னார். யார் கேட்டார்கள் என்கிறீர்களா? மனைவி செலுவம்பா ஒரு தற்காப்பு வைத்திருந்தாள். அவர் மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து "ஹௌதா?" என்பாள், அப்படியா என்று அர்த்தம், அவள் மனசு பால்காரியிடம் இருக்கும். பெண் பத்மாஸினி கூடத்து மூலையில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருப்பாள். அவள் "ஹௌதா" கூடச் சொல்வதில்லை.

அந்தப் பத்மாஸினிக்குத்தான் இப்போது கழுத்துக்குக் கத்தி வந்திருந்தது. இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். பி.ஏ. படிக்க வேண்டும், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் அவளுக்குப் பெயர் வைத்த அன்றே கல்யாணமும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை சம்பத்குமார், செலுவம்பாவின் சொந்தத் தம்பி. "மாமன் இருக்க மாப்பிள்ளை தேடுவானேன்?" என்பது செலுவம்பாவின் அண்ணா ஆழ்வாரையங்காரின் வாக்கு. அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். சம்பத்து நல்லவன், சாது. சின்ன வயசில் பத்மாஸினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், அவளுக்கு மூக்குச் சிந்திவிட்டவன். கஷ்டமே அதுதான். மூக்குச் சிந்திவிட்ட கையைப் போய் எப்படிப் பிடிப்பது?

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "படிச்சு என்ன கிழிக்கப் போறே? என் தம்பிக்கு என்ன கொறச்சல்?" என்றாள் செலுவம்பா. ஆழ்வாரையங்கார் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தம்பியோடு வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகத் தகவல் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லலாமே என்பீர்கள். அப்பா எங்கே இருந்தார்? மேரிகோல்டம்மாளின் மூன்றாம் தலைமுறையில் இருந்தார். அங்கே போய்க் கூப்பிட்டால்தான் கேட்கும்.

பத்மாஸினி அங்கேயே போனாள். வியாழக்கிழமை சாயங்காலம், அவரைக்கொட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்பா, ரோஸ் ஆஃப் கூர்க்கை யாருக்குக் கொடுத்தா?"

திருநாராயணையங்காருக்குக் கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்தார். குடுமியைத் தட்டி முடிந்துகொண்டார்.

"அதை ஏம்மா கேக்கறே! கொடுத்த எடம் சரியில்லை. அவசரப்பட்டு அவளோட சொந்த மாமனுக்கே கொடுத்துட்டா."

"அதனால என்னப்பா?"

"என்னவா? பொறந்த குட்டிக்கு முன்னங்கால் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துண்டு நின்னுது. பத்தடி நடந்தா மூச்சு வாங்கும். கொடி விழுந்ததும் எல்லாக் குதிரையும் முன்னால ஓடித்து. இது திரும்பி லாயத்தைப் பாத்து ஓடித்து. தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னா? ஒரே தாய் ரத்தத்தை ரெண்டு பக்கத்துலேந்தும் ஊத்தினா அப்படித்தான்."

"பாவம்," என்றாள் பத்மாஸினி. இன்னும் நாலு கொட்டை பிதுக்கினாள். "ஏம்பா, சம்பத் மாமா எனக்கு என்ன வேணும்?"

"மாமன். உங்கம்மாவோட கூடப்..." என்று ஆரம்பித்த திருநாராயணையங்கார் அப்படியே நின்றுவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஈவ்னிங் பெல்லைப் பற்றியும் பேசவில்லை. செலுவம்பா பழக்கதோஷத்தில் இரண்டு தடவை "ஹௌதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஆழ்வாரையங்கார், அவர் மனைவி ரங்கம்மா, சம்பத்குமார், உள்ளூர் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். சொஜ்ஜி பரிமாறியாயிற்று. ஆழ்வாரையங்கார் வெற்றிலைத் தட்டை நகர்த்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மாமன் இருக்க..." என்று தொடங்கினார்.

"நடக்காது," என்றார் திருநாராயணையங்கார். "ரெண்டும் ஒரே குடும்பம்."

"ஒரே குடும்பமா? நீங்க பாரத்வாஜம், நாங்க கௌசிகம்!"

"அது தகப்பன் வழி. அது செல்லாது."

"எங்கே செல்லாது?"

"ரேஸ்ல."

திருநாராயணையங்கார் கண்ணை மூடிக்கொண்டார். மேரிகோல்டம்மாளில் தொடங்கி, ரோஸ் ஆஃப் கூர்க்கின் துர்ப்பாக்கியக் கல்யாணத்தைச் சொல்லி, லாயத்தைப் பார்த்து ஓடிய குட்டியைச் சொல்லி, அங்கிருந்து ஒரே தாவாகத் தன் மாமியார் வீட்டுக்குள் குதித்தார். "சம்பத்து கொறட்டை விடறான். அவன் அக்காவும் விடறா. இதை நான் ராத்திரி ராத்திரி அனுபவிச்சுச் சொல்றேன். ரெண்டையும் சேத்தா, பொறக்கற கொழந்தை மேல்கோட்டை உத்ஸவத்து வைரமுடிச் சேவை மேளத்தையே அமுக்கிடும்!"

உள்ளே கரண்டி விழுந்தது.

"உங்க அம்மா யாரைப் பண்ணிண்டா?" என்றார் ஆழ்வாரையங்காரிடம்.

"மாமனைத்தான்."

"நீங்க?"

"எங்க பெரிய அக்கா பொண்ணை."

"பாத்தேளா! ஏற்கெனவே ரெண்டு சுத்து சுத்தியாச்சு. இது மூணாவது. நீங்க எடது பக்கமா சாஞ்சு நடக்கறது எதனாலேன்னு நெனைச்சிண்டிருக்கேள்?"

ஆழ்வாரையங்கார் திடுக்கிட்டார். அவருக்குக் கொஞ்ச நாளாக முழங்கால் வலி. மேல்கோட்டை மலைப்படியால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். "ஏன் மாப்பிள்ளை, முழங்காலும் அதுலதான் வருமோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவ்வளவுதான். அதுவரை உறவுக்காரர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நோயாளிகளாகிவிட்டார்கள். அந்தக் கூடத்தில் அத்தை பெண்ணையோ மாமனையோ கட்டாதவர் ஒருவரும் இல்லை. ஒருவர் பல்லைக் காட்டினார். ஒருவர் தன் பிள்ளைக்குக் கணக்கு வராததற்குக் காரணம் அம்மாவைப் பெற்ற பாட்டியா என்று விசாரித்தார். ஒரு வக்கீல், மத்தியான்னம் சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதே, அது எந்தத் தலைமுறைக் கோளாறு என்றார். திருநாராயணையங்கார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாயின் தாயின் தாயைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

சம்பத்குமாரைத் தெருவிளக்குக் கம்பம் வரை நடந்து திரும்பச் சொன்னார். அவன் தட்டும் கையுமாக நடந்து வந்தான்.

"மூச்சு வாங்கறது."

"சொஜ்ஜி ஜாஸ்தி ஆயிடுத்து, அத்திம்பேரே."

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு," என்றார் திருநாராயணையங்கார்.

அப்போதுதான் செலுவம்பா கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "எங்காத்து மனுஷா அத்தனை பேர் எதிர்ல என் கொறட்டையைச் சொல்லி, என் வம்சத்தையே நொண்டின்னுட்டேளே! நீங்க மட்டும் ஒசத்தியோ?"

"நானா?" என்றார் திருநாராயணையங்கார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "எனக்கு ஏதடி வம்சம்? நான் கணக்கிலேயே கெடையாது. பத்மா உன் குடும்பம். அவ கண்ணு, புத்தி, நடை எல்லாம் உன் வழி. இந்த ஆத்துல மேரிகோல்டம்மாள் யாருன்னா, நீதான்."

செலுவம்பா கூச்சல் போடுவதற்கு வாயைத் திறந்தாள். தாலி கட்டிய நாளாக அந்த மனிதர் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்னது இப்படியா வந்து சேர வேண்டும்? குதிரை என்கிறாரா, மகாலட்சுமி என்கிறாரா? கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் எல்லாருக்கும் இன்னொரு டோஸ் காபி கலந்தாள். அவர் டம்ளரில் சர்க்கரை அதிகம் போட்டாள்.

சம்பத்குமாரின் கல்யாணம் இப்படியாக முழங்காலில் அடிபட்டு விழுந்தது. அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் தரம் சொஜ்ஜி கேட்டான். கதவோரம் நின்ற பத்மாஸினிக்கு மூச்சு வந்தது. ஆனால் எத்தனை நேரம்?

"அப்போ பொண்ணை யாருக்குத்தான் கொடுக்கறது?" என்றார் ஆழ்வாரையங்கார்.

"புது ரத்தம் வேணும். கொள்ளேகால் தாண்டி, ஹனூர் பக்கமாப் பாப்போம். மேட்டுல ஏறி எறங்கின காலா இருக்கணும்."

"ஹனூர்ல நம்மவா யாருமே இல்லையே!"

"அதுக்குத்தான் ஹனூர்."

வேறு நாளாயிருந்தால் ஆழ்வாரையங்கார் இதைக் கேட்டதும் எழுந்து போயிருப்பார். ஆனால் முழங்கால் பயம் பொல்லாதது. "அங்கே ஒரு போஸ்ட்மாஸ்டர் இருக்கார். ஸ்ரீரங்கத்துப் பக்கத்து மனுஷா, நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. பிள்ளை திடமா இருப்பான். அடுத்த வாரமே பொண்ணு பாக்க வரச் சொல்லட்டுமா?" என்றார். வரச் சொல்லுங்கள் என்றது கூடம். பத்மாஸினி வாணலிக்குத் தப்பி நெருப்பில் விழுந்தாள்.

பெரியவர்கள் பேசுகிற கூடத்தில் அந்த வீட்டுப் பெண் வாய் திறந்த வழக்கமில்லை. ஆனால் இப்போது திறக்காவிட்டால் அடுத்த வாரம் போஸ்ட்மாஸ்டர் பிள்ளை தெருவிளக்கு வரை நடந்து காட்டிவிட்டுப் பாஸாகிவிடுவான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, ஈவ்னிங் பெல்லை எப்போ பண்ணைக்கு அனுப்பினா?"

"பந்தயமெல்லாம் ஓடி முடிச்சப்புறம்தான் குட்டி போட அனுப்பினா."

"சில்வர் பெல்லை?"

"அவளும் ஓடி முடிச்சுத்தான். மூணு கப் ஜெயிச்சிருக்கா."

"ஓடாத குட்டியை யாராவது அப்படியே பண்ணைக்கு அனுப்புவாளா?"

"சீ, சீ! அது என்ன ஓட்டம்னே தெரியாம எப்படி? வெவரம் தெரிஞ்ச ஒருத்தனும் செய்யமாட்டான்."

"நான் இன்னும் ஓடவேயில்லையேப்பா. இன்டர் இப்பத்தானே முடிச்சேன். பி.ஏ. ஓடறேனே."

சம்பத்குமார்கூட மெல்லுவதை நிறுத்தினான். திருநாராயணையங்கார் மகளைப் பார்த்தார். மேரிகோல்டம்மாளின் எள்ளுப்பேத்திகள் எந்த வருஷம் எந்தத் தூரம் ஓடினார்கள் என்று சொல்லக்கூடிய மனிதர், வீட்டில் ஒரு பெண் இன்டர் முடித்திருப்பதை இப்போதுதான் கேள்விப்பட்டார்.

"இன்டர் முடிச்சுட்டியா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே?"

"சொன்னேம்பா. ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னேன். நீங்க அப்போ சில்வர் பெல்லோட ரெண்டாவது பிரசவத்துல இருந்தேள்."

அவர் நெற்றித் திருமண் சுருங்கியது. வேறு ஏதோ அவருக்கு உறைத்துவிட்டது.

"பத்மா... இத்தனை நாளா நான் சொன்னதையெல்லாம் நீ கேட்டுண்டா இருந்தே?"

"மிஸ் காவேரிக்கு எத்தனை பொண்ணுன்னு வேணா கேளுங்கோ."

அவர் கேட்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர் முழுவதும் காது தேடி அலைந்து, காபிக் கடை மல்லப்பனைப் பிடித்து உட்கார்த்தி, ஆபீஸ் சேவகனைத் துரத்தி, சுவரோடெல்லாம் பேசிய மனிதர். காது அவர் கூடத்து மூலையிலேயே இருந்திருக்கிறது. சந்தோஷமா, வெட்கமா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்து ஆழ்வாரையங்கார் கையில் கொடுத்தார். "போஸ்ட்மாஸ்டருக்குச் சொல்லிடுங்கோ. குட்டி ஓடப் போறது," என்றார்.

காலேஜ் திறந்த அன்று அவரே கொண்டுபோய் விட்டார். மற்றப் பெண்களின் நடையைப் பார்த்து, வாசலிலேயே நின்று, இன்னாருக்கு மூச்சுப் போதாது, இன்னாருக்குக் கணுக்கால் பலவீனம் என்று காவலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்ததில் ஆபீசுக்குத் தாமதமாகிவிட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? வம்சாவளிப் புலியாவது, திருந்துவதாவது! பத்மாஸினி பி.ஏ.யில் தேறியபோது தெருவில் போனவரை எல்லாம் நிறுத்தி, "எல்லாம் தாய்வழி! எனக்கு இதுல சம்பந்தமே கெடையாது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஆழ்வாரையங்கார் என்று வாசித்ததுமே, மேல்கோட்டையில் எந்த ஆழ்வார், குளத்தங்கரை வீட்டுக்காரரா என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? இதை எழுதுகிற ஆசாமி எந்த ஊர், யார் பிள்ளை என்று நடுவில் ஒரு தரமாவது தோன்றியதா இல்லையா? பாதகமில்லை. நாளைக்கே நீங்களும் கூடத்தில் சாய்ந்துகொண்டு, எந்தக் குடும்பம் எதற்கு உசத்தி, யாரை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பிக்கலாம். தாராளமாக ஆரம்பியுங்கள். வீட்டில் ஒரு பெண் மட்டும் ஒன்றுமே சொல்லாமல் குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தால், சற்று யோசித்துப் பேசுங்கள். உங்கள் வார்த்தையைக் கொண்டே உங்களைக் கட்டிப்போட அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.